முன்பக்கம் நசுங்கிய பழைய ஆடி டி.டி.: செப்பனிடுவதா, முழு இழப்பாக விட்டுக்கொடுப்பதா?

அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். 2011ஆம் ஆண்டில் பதிவான வெள்ளி நிற ஆடி டி.டி. கூபே ஒன்றை, இரண்டாம் உரிமையாளராக 2017இல் வாங்கி இன்றுவரை வைத்திருக்கிறேன். 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சின், குவாட்ரோ (நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம்). ஞாயிறுதோறும் விடிவதற்கு முன் நந்தி மலைக்குப் போய் வருவதைத் தவிர அதற்கு வேறு வேலை நான் கொடுத்ததில்லை. ஓடிய தூரம் 61,000 கிலோமீட்டர்.

சென்ற வாரம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் போகும்போது, எனக்கு முன்னால் சென்ற சரக்கு லாரி திடீரென்று நின்றுவிட்டது. நான் பிரேக்கை முழுவதுமாக மிதித்தும், கார் வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்பக்கத்தில் இடதுபுறமாக மோதியது. எனக்கோ லாரிக்காரருக்கோ காயம் இல்லை. ஏர்பேக் விரியவில்லை. பானட் கூரை போல மடங்கிவிட்டது, இடது ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பின்னோக்கித் தள்ளப்பட்டு, கதவுக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, இடது ஹெட்லைட் தொங்குகிறது, ஏ.சி. கண்டென்சர் உடைந்துள்ளது. ஆனால் பம்பரின் கீழ்ப்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை.

கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் வரி உட்பட 7,40,000 ரூபாய்: உதிரிபாகங்களுக்கு 5,10,000, வேலைக்கூலிக்கு 1,20,000, பெயிண்டுக்கு 1,10,000. என் பாலிசியில் ஐ.டி.வி. (வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட மதிப்பு) 9,00,000. எஸ்டிமேட் அதில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டதால் வண்டியை முழு இழப்பாகத்தான் (ஐ.டி.வி. தொகையைக் கொடுத்துவிட்டு வண்டியை அவர்களே எடுத்துக்கொள்வது) முடிக்க வேண்டியிருக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை. எனக்கு இந்த வண்டியை விட மனமில்லை. மனம் ஒருபுறம் இருக்க, செப்பனிட்டால் அது பழையபடி நேராக ஓடுமா, அதில் என் மகளை உட்கார வைத்து ஓட்டலாமா என்பதே உண்மையான கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தகடும்தட்டும்

லிங்கராஜபுரத்தில் 22 ஆண்டுகளாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன். நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி, பம்பரின் கீழ்ப்பாதியில் கீறல் இல்லை என்பதுதான்.

பம்பருக்குப் பின்னால் குறுக்காக ஒரு உத்தரம் உண்டு. அதன் இரு முனைகளிலும் சிறிய பெட்டி போன்ற பாகங்கள் இருக்கும். அவை போல்ட்டில் நிற்பவை. மெதுவான மோதலில் அந்தப் பெட்டிகள் தாமே நசுங்கி, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நீளச் சட்டத்தைக் காப்பாற்றும். மணிக்கு 15 கிலோமீட்டர் அளவிலான மோதலில் சட்டத்துக்குச் சேதம் வராதபடிதான் இவற்றை வடிவமைக்கிறார்கள். ஆனால் உங்கள் கார் தாழ்வானது. லாரியின் பின்பக்கம் உயரமானது. லாரியின் பின்னால் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், சாலையில் பாதி வண்டிகளில் அது வளைந்து மேலே ஏறியிருக்கும். ஆகவே லாரியின் விளிம்பு உங்கள் உத்தரத்துக்கு மேலாக ஏறி, பானட்டையும் ஹெட்லைட்டையும் ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்தையும் அடித்திருக்கிறது. உத்தரம் அடியின் முழு வேகத்தையும் வாங்கவில்லை. ஏர்பேக் விரியாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் மேலே இருக்கும் மென்மையான பாகங்கள் மடங்கும்போது வண்டியின் வேகம் படிப்படியாகத்தான் குறைகிறது.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கீழே இருக்கும் நீளச் சட்டம் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரைத் தாங்கி நிற்கும் ஏப்ரன் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. ஃபெண்டர் கதவை நோக்கித் தள்ளப்பட்டிருக்கிறது என்றால், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதுவும் நகர்ந்திருக்கலாம். அளந்து பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று. வீட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இருந்தால் எடுத்துக்கொண்டு போய் வண்டியின் மேல் வைத்துப் பாருங்கள். கதவில் ஒட்டும், ஃபெண்டரில் ஒட்டாது. இரண்டாம் தலைமுறை டி.டி.யின் உடலில் எடைக் கணக்கில் 69 சதவீதம் அலுமினியம், 31 சதவீதம் இரும்புத் தகடு. பின்தளம், கதவுகள், பின்கதவு ஆகியவை இரும்பு. முன்பகுதி முழுக்க அலுமினியம். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்கத்தின் எடையைக் குறைத்துப் பின்பக்கத்தோடு சமன் செய்வதற்காக இப்படிக் கட்டினார்கள். உங்களுக்கு அடி விழுந்திருப்பது அலுமினியப் பாதியில். என்னைப் போன்ற சாதாரணப் பட்டறைக்காரன் அந்தக் கதவைச் சரிசெய்யலாம். அந்த ஏப்ரனைத் தொடக் கூடாது. நான் வாங்க மறுக்கும் வேலை இது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

பழைய_சர்வேயர்

வாகன இழப்பு மதிப்பீட்டாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாகன இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். ஆகவே தொலைபேசியில் ஒருவர் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முக்கால் பங்கு என்ற கணக்கை மக்கள் பெரும்பாலும் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். பழுதுபார்க்கும் மொத்தச் செலவு, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்புக்கு நிகரானது என்பதே பாலிசியின் வாசகம். நடுவில் இருக்கும் அந்த 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்றொடரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நான் பணியில் இருந்தவரை, ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தேய்மானம் கழித்துக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகையைத்தான் ஐ.டி.வி.யோடு ஒப்பிட்டேன்.

உங்கள் வண்டிக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் உலோக பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், நைலான், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை; உங்களுக்குக் கண்ணாடி உடையவில்லை. ஆக 5,10,000 ரூபாய் உதிரிபாகத்தில் 2,55,000 கிடைக்கும். கூலி 1,20,000 முழுமையாகக் கிடைக்கும். பெயிண்டைப் பொறுத்தவரை, ஒரே தொகையாகப் பில் போட்டிருந்தால் அதில் கால் பங்கைப் பொருள்செலவு என்று கொண்டு, அந்தப் பங்குக்கு மட்டும் பாதி கழிப்பார்கள். 1,10,000இல் கால் பங்கு 27,500. அதில் பாதி 13,750. எனவே 96,250 கிடைக்கும். மூன்றையும் கூட்டினால் 4,71,250. எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல் என்பதால் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய தொகை) 2,000 போக 4,69,250. ஐ.டி.வி.யில் இது 52 சதவீதம்தான். முக்கால் பங்கான 6,75,000 வெகு தொலைவில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். மீதி 2,70,750 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பழைய வண்டிகளுக்குத் தேய்மானமில்லாக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காது என்பதால், இந்தச் சுமையைத் தவிர்க்க வழியில்லை. வண்டியைச் சரிசெய்யவே விரும்புகிறேன் என்பதையும், தேய்மானம் போக வரும் நிகரத் தொகையின் அடிப்படையில் மதிப்பிட வேண்டும் என்பதையும் இன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சர்வேயரின் அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஜெயநகர்வாசகி

சர்வேயர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சர்வேயர் வந்து பார்த்து எழுத்தில் ஒப்புதல் தரும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பழைய இரண்டு இருக்கை வண்டியில் பக்கவாட்டில் அடி விழுந்தபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கராஜ்காரர் கதவைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டார். அந்தக் கதவில் இருந்தது பழைய சேதமா புதிய சேதமா என்று தெரியவில்லை எனச் சொல்லி அந்தப் பகுதிக்கான தொகையை மறுத்துவிட்டார்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கதவைக் கழற்றுவதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த நான்கு புகைப்படங்கள்தான் அங்கே எனக்குக் கைகொடுத்தன. தேதி தெரியும்படி, எல்லாக் கோணங்களிலும், உடையாத பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி, இப்போது வண்டி எங்கே நிற்கிறது?

அல்சூர்வாசி

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. விபத்து நடந்த இரவு, இழுவை வண்டிக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு கராஜில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாளே வண்டியைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் எஸ்டிமேட் வாங்கினேன். அங்கே சொன்ன தொகையைக் கேட்டதும் கலங்கிப்போய், குறைந்த செலவில் முடித்துத் தருவதாகச் சொன்ன அதே கராஜுக்குத் திரும்ப அனுப்பினேன். இந்த இழையைப் படித்த பிறகு நேற்று அங்கே போய்ப் பார்த்தேன். ஃபெண்டரின் விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் கேஸ் டார்ச்சால் சூடு காட்டிய கருமை தெரிகிறது. அதன் அருகே முடி அளவில் ஒரு விரிசல் ஓடுகிறது. நான் அனுமதி கொடுக்கவில்லை என்று சொன்னபோது, எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி, படங்கள் எடுத்து, வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். நல்ல வேளையாக ஃபெண்டர் எப்படியும் மாற்ற வேண்டிய பாகம் என்று முதல் எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. ஏப்ரனைத் தொட்டார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

விமானபுரம்

விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனத்தில் 31 ஆண்டுகள் தகட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். கார்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அலுமினியத்தைப் பற்றித் தெரியும். நீங்கள் விவரித்த விரிசல் எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன்.

இரும்புத் தகட்டை அளவாக மடக்கினால், அது திரும்பிப் பழைய இடத்துக்கு வர ஓரளவு தானே உதவும். அலுமினியம் அப்படி உதவாது. மடங்கிய இடத்தில் அது இறுகிவிடும். இறுகிய இடத்தை மீண்டும் நிமிர்த்தினால் இன்னும் இறுகும். ஒரு கட்டத்தில் நிமிராமல் கிழியும். அதைத் தடுக்க இதமான சூடு கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இரும்பைக் காய்ச்சுகிறவர் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிந்து பழகியவர். அலுமினியம் நிறம் மாறிக் காட்டாது. 660 டிகிரியில் உருகிவிடும். அதற்கு முன் சிவக்கவும் செய்யாது. உருகுவதற்கு வெகு முன்பாகவே, கலப்பு உலோகத்துக்குப் பதப்படுத்திக் கொடுத்த வலிமை போய்விடும். பார்ப்பதற்குத் தகடு அப்படியே இருக்கும். தாங்கும் சக்தி மட்டும் இருக்காது. அதனால்தான் சூட்டைக் காட்டும் கருவியோ, குறிப்பிட்ட வெப்பத்தில் நிறம் மாறும் சாக்பீஸோ இல்லாமல் எங்கள் பிரிவில் யாரும் அலுமினியத்தைச் சூடாக்க மாட்டார்கள். டார்ச் பட்ட அந்த ஃபெண்டரை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம், இணைப்பு. இந்த வகைக் கார்களில் அலுமினியப் பாகங்களை எல்லா இடத்திலும் வெல்டிங் செய்து இணைப்பதில்லை. பசை தடவி, துளை போடாமலேயே தகட்டுக்குள் இறங்கும் ரிவெட்டால் பிணைக்கிறார்கள். விமானத்திலும் ரிவெட், இங்கேயும் ரிவெட் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பசை இங்கே வெறும் ஒட்டுப்பொருளாக இல்லை. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, இடையில் ஈரமும் சேர்ந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடும். அதில் அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். பசைப் படலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. பழுதுபார்ப்பவர் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டு முடுக்கினாலோ, இரும்பைத் தேய்த்த அதே பிரஷால் அலுமினியத்தைத் தேய்த்தாலோ, ஓரிரு மழைக்காலத்துக்குள் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். அதனால் உங்கள் பட்டறையில் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது இயந்திரங்களை அல்ல. அலுமினியத்துக்கென்று தனிச் சுத்தியல், தனிப் பிரஷ், தனி இடம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓசூர்ச்சாலை

நான் மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14 வயதான வண்டிக்கு இரண்டே முக்கால் லட்சம் கைக்காசு போடுவதை விட, ஒன்பது லட்சத்தை வாங்கிக்கொண்டு வேறு ஒரு நல்ல டி.டி.யைத் தேடுவதே அறிவுடைமை. அடுத்த ஆண்டு 15 ஆண்டுகள் நிறைவடைகின்றன, ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டித் தகுதி நிரூபித்துத்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். விபத்தில் அடிபட்ட வரலாறு உள்ள வண்டியை விற்கப் போனாலும் விலை கிடைக்காது.

பழைய_சர்வேயர்

ஓசூர்ச்சாலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. முழு இழப்பாக முடித்தால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், ஐ.டி.வி.யில் கட்டாயக் கழிவு மட்டும் போகும், சிதைந்த வண்டி அவர்களுக்குப் போகும். ஆனால் 'வேறு ஒரு நல்ல டி.டி.' என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். விற்பனைக்கு வரும் பழைய வண்டி அடிபடாதது என்பதற்கு யார் உத்தரவாதம்? அடிபட்டதை மறைத்துப் பூசிய வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெயிண்டின் கனத்தை அளக்கும் மலிவான கருவிகள் காந்த முறையில் இயங்குபவை. அலுமினியத் தகட்டில் அவை வேலை செய்யாது. சுழல் மின்னோட்ட முறையும் சேர்ந்த கருவி வேண்டும். இப்போது இருக்கும் வண்டியில் எந்தப் பாகம் அடிபட்டது, எது மாற்றப்பட்டது என்று உரிமையாளருக்குத் தெரியும். அந்த அறிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

முடிவு அளவீட்டைப் பொறுத்தது. நீளச் சட்டம் வளைந்திருந்தால் ஓசூர்ச்சாலை சொல்வதைக் கேளுங்கள். வளையவில்லை என்றால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

தகடும்தட்டும்

அளவீடு எடுக்கும்போது நேரில் நின்று பாருங்கள். வண்டியை பெஞ்சில் (உடலை அளந்து நேராக்கும் இரும்பு மேடையில்) ஏற்றி, அடிபடாத நடுப்பகுதியில் நான்கு இடங்களில் பிடித்து, அங்கிருந்து முன்னோக்கி ஒவ்வொரு புள்ளியையும் தயாரிப்பாளரின் வரைபட அளவோடு ஒப்பிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை விலகல் இருந்தால் பொதுவாக ஏற்கலாம். டேப் வைத்துக் குறுக்குக்கோடு அளந்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு தாள் வாங்குங்கள்.

உதிரிபாகத்துக்கு வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்தே ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். உங்கள் எண் ட, ர, உ ஓசை தரும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்; ஹங்கேரியின் கியோர் நகரத் தொழிற்சாலையில் முடித்த வண்டி என்று அர்த்தம். ஒரே மாதிரி தோன்றும் பம்பரிலும் ஹெட்லைட்டிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் இருப்பதால், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஆறு வாரம் காத்திருந்து தவறான பாகம் கிடைக்கும். சிவாஜிநகரிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பாகம் தேடலாமா என்று கேட்பீர்கள். கொக்கி, மூடி, உள்அலங்காரப் பாகம் போன்றவற்றுக்குத் தேடலாம். குறுக்கு உத்தரத்தையும் அதன் பெட்டிகளையும் பழையதாக வாங்கவே கூடாது. முன்பே ஒருமுறை நசுங்கி நிமிர்த்தியதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெயிண்ட் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். வெள்ளி நிறம் பொருத்துவதற்கு மிகக் கடினமான நிறம். அதில் இருக்கும் உலோகத் துகள்கள் படுக்கும் வாக்கைப் பொறுத்து வெளிச்சம் மாறும். அதே கலவையை அதே ஆள் அடித்தாலும், பெயிண்ட் துப்பாக்கியின் காற்றழுத்தம் சற்றுக் கூடினால் துகள் வேறு மாதிரி படுத்து, நேராகப் பார்த்தால் ஒன்றாகவும் சாய்ந்து பார்த்தால் வேறாகவும் தெரியும். பதினான்கு ஆண்டு வெயில் பட்ட கதவின் நிறம் வேறு, புதுக் கலவையின் நிறம் வேறு. எனவே ஃபெண்டரை மட்டும் அடித்து நிறுத்தக் கூடாது; நிறத்தைக் கதவின் பாதிவரை மெல்ல மறையும்படி கொண்டுபோய், கதவு முழுவதற்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்க வேண்டும். கதவில் அடியே இல்லையே, அதற்கு ஏன் பெயிண்ட் என்று சர்வேயர் கேட்கலாம், இதுதான் பதில். அலுமினியத்தைத் தேய்த்த பிறகு மணிக்கணக்கில் திறந்து வைக்காமல் உடனே எபாக்சி பிரைமர் போட வேண்டும், ஏனெனில் காற்று பட்டவுடன் மேலே ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும். பிறகு பூத்தில் (பெயிண்டை உலர்த்தும் மூடிய அறையில்) தகட்டின் சூடு 60 டிகிரிக்கு வந்து அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். இந்த மழை மாதத்தில் கம்ப்ரெசர் குழாயில் தண்ணீர் சேரும். வடிகட்டி இல்லாத பட்டறையில் அடித்தால் மாதம் கழித்துக் கொப்புளம் கிளம்பும்.

அல்சூர்வாசி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடியே நடந்துகொண்டேன்.

சர்வேயர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நிகரத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்று நான் மின்னஞ்சலில் எழுதியிருந்ததை அவர் முன்பே படித்திருந்தார். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. டார்ச் பட்ட இடத்தைக் காட்டி நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஃபெண்டர் எப்படியும் மாற்றப்படும் பாகம் என்பதால் தொகையில் மாற்றம் இல்லை என்றும், ஏப்ரனில் சூடு பட்டிருந்தால் அதை ஏற்க முடியாது என்றும் தெளிவாகக் குறித்துக்கொண்டார். அது நியாயம் என்றே எனக்கும் பட்டது.

பீன்யாவில் அலுமினியத்துக்குத் தனி அறை வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். விமானபுரம் ஐயா சொன்ன தனிச் சுத்தியலையும் தனிப் பிரஷையும் முதலில் பார்த்தேன். பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். பெஞ்சில் ஏற்றி அளந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். இரண்டு நீளச் சட்டங்களும் தப்பிவிட்டன. அதிகபட்ச விலகல் இடதுபுறம் 2 மில்லிமீட்டர். இடதுபுறப் பெட்டி மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. ஏப்ரனின் முன்முனை 8 மில்லிமீட்டர் பின்னோக்கியும் 5 மில்லிமீட்டர் கீழ்நோக்கியும் போயிருக்கிறது. அங்கே டார்ச் சூடு படவில்லை. அதை இழுத்து நிமிர்த்தாமல், தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்திருக்கும் இடத்தில் வெட்டி, புதிய பாகத்தைப் பசையும் ரிவெட்டும் கொண்டு பொருத்துகிறார்கள்.

ஹெட்லைட்டில் கண்ணாடியும் உள்பாகமும் முழுதாக இருந்தன. பிடித்து நிறுத்தும் காதுகள் மட்டும்தான் உடைந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றும் பாகம் கிடைத்ததால் 85,000 ரூபாய் மிச்சம். ஏப்ரன் பாகத்துக்கு 38,000, அதற்கான கூலிக்கு 45,000 கூடுகிறது. இப்போது மொத்தம் 7,38,000. சர்வேயர் ஒப்புக்கொண்ட நிகரத் தொகை, கழிவு போக, 4,90,750. என் பங்கு 2,47,250. இதற்கு மேல் கூலன்ட், ஏ.சி. கேஸ், பசை, ரிவெட் ஆகிய செலவாகும் பொருட்களுக்கு 11,600 ரூபாய் நானே கொடுக்க வேண்டும். அவை பாலிசியில் சேராது என்பதை முன்பே அறிந்திருக்கவில்லை. அடுத்த புதுப்பிப்பின்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பின் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதல் பதிவு இல்லை. சீட் பெல்ட் இழுவிசைக் கருவிகளும் வெடிக்கவில்லை. இடது முன்சக்கரக் கோணங்களையும் அளந்தார்கள், சரியாக இருக்கின்றன.

ஜெயநகர்வாசகி

படிக்க நிம்மதியாக இருக்கிறது. கண்டென்சர் உடைந்து நாள்கணக்காகக் குழாய் திறந்து கிடந்ததல்லவா? ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். எனக்கு அதை விட்டுவிட்டார்கள். அடுத்த கோடையிலேயே ஏ.சி. வேலை செய்யாமல் போய்விட்டது.

விமானபுரம்

பசை இறுகுவதற்கு முன் வண்டியை பெஞ்சிலிருந்து இறக்க அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் அவசரத்தைப் பார்த்தால் அவர்களும் அவசரப்படுவார்கள்.

அல்சூர்வாசி

அவசரப்படுத்தவில்லை ஐயா. பசை போட்ட பிறகு ஒரு முழு நாள் வண்டி பெஞ்சிலேயே நின்றது. டிரையரை மாற்றிவிட்டார்கள், ஜெயநகர் அம்மா நினைவூட்டியிருக்காவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

பானட் வருவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. நேற்று வண்டி வீட்டுக்கு வந்தது. வேலைக்குப் பிறகு எடுத்த அளவுத் தாளில் ஏப்ரனின் முனை 1 மில்லிமீட்டருக்குள் வந்திருக்கிறது. பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளியை இரு பக்கமும் நானே கேஜ் வைத்துப் பார்த்தேன், ஒன்றுபோல் இருக்கிறது. காலை வெயிலில் நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை. மாலையில் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்திச் சாய்ந்து பார்த்தபோது, கதவின் நடுவில் மிக மெல்லிய மாற்றம் ஒன்று என் கண்ணுக்குத் தெரிந்தது. மகளிடம் காட்டினேன், அவளுக்குத் தெரியவில்லை. தகடும்தட்டும் அவர்கள் ஒருமுறை நேரில் பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் வழியாகத்தான் வருவேன். ரிவெட் வரிசையை அடுத்த மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்து, வெள்ளைப் பொடி ஏதேனும் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படத்துடன் இங்கேயே எழுதுகிறேன்.

தகடும்தட்டும்

ஞாயிறு காலை ஏழரைக்கு மேல் பட்டறையில் இருப்பேன். வண்டியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள். பாலிஷ் எதுவும் போட வேண்டாம். புதுப் பெயிண்டுக்கு இன்னும் ஒரு மாதம் மூச்சுவிட இடம் வேண்டும்.